மழைக்கு நிற்கும் மருந்து

விடிகாலை நாலரை மணிக்குப் போடி ஜீப் ஸ்டாண்டில் நின்று "மருந்தடிக்க ஆள் வேணும்" என்று பொதுவாகக் கேட்டால் பத்துப் பேர் முன்னால் வருவார்கள். "மழைக்கு நிக்கிற மாதிரி அடிக்கணும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் அந்தப் பத்துப் பேரும் டீக்கடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே காசிமாயன் கண்ணாடி கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவன் மாதிரி டீயை ஊதிக்கொண்டிருப்பான். அந்த ஊதலில் கொஞ்சம் மிதப்பு இருக்கும். இருக்காதா பின்னே? போடி மெட்டிலிருந்து பூப்பாறை வரைக்கும் அவன் கைபடாத ஏலக்காடு கிடையாது.

ஏலக்காட்டில் மருந்தடிப்பதில் பாதிச் சண்டை பூச்சியோடு, மீதி மழையோடு. ஆனி பிறந்துவிட்டால் சாரல் எந்த நேரமும் வரும். காலையில் அடித்த மருந்தை மத்தியானம் மழை கழுவிக்கொண்டு போய் ஓடையில் விட்டுவிடும். காசிமாயன் அடித்த மருந்து மட்டும் இலையில் ஒட்டிக்கொண்டு மூன்று நாள் நிற்கும். டிரம்மில் மருந்து கலக்கும்போது யாரையும் பக்கத்தில் விடமாட்டான். முதுகைக் காட்டி நின்றுகொண்டு மடியிலிருந்து எதையோ எடுத்துப் போட்டுக் கம்பால் கிண்டுவான். "மருந்துக்கு மை வச்சுவிடுறான்யா இவன்" என்று சக ஆட்கள் கேலி செய்வார்கள். சிரித்துக்கொள்வானே தவிர வாயைத் திறக்கமாட்டான்.

மையுமில்லை, மந்திரமுமில்லை. அச்சுவெல்லம்தான். சொந்த ஊரான தேவாரத்தில் அவன் அப்பன் கடலைக்காட்டுப் புழுவுக்குத் தவிட்டையும் வெல்லத்தையும் மருந்தையும் பிசைந்து உருண்டை பிடித்து வரப்போரம் வைப்பார். இனிப்புக்கு வந்து தின்றுவிட்டுப் புழு சுருண்டு கிடக்கும். அதைப் பார்த்து வளர்ந்தவன், மலைக்கு வந்த பிறகு யோசித்தான். வெல்லப்பாகு பிசின் மாதிரி ஒட்டும், மழை கழுவாது, பூச்சியையும் கூப்பிடும். அன்றிலிருந்து பதினைந்து வருசமாக அதுதான் அவன் கைப்பக்குவம். பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. வாராவாரம் வெல்லம் எதற்கு என்று மகாராணி கேட்டபோது, "மருந்து வாடைக்கு வாயெல்லாம் கசக்குது. மேல பாலு கெடைக்காது, கட்டன் சாயாவுக்குப் போட்டுக்கிருவேன்" என்றான். அவளும் பாவமே என்று சந்தைக்குப் போகும்போதெல்லாம் நல்ல வெல்லமாகப் பார்த்து வாங்கி வருவாள்.

மகாராணி பத்தொன்பது வருசம் ஏலக்காட்டுக் கூலி வேலைக்கு ஜீப்பில் போனவள். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் இருபது பெண்கள். மடியில் தூக்குவாளி, காலுக்கடியில் இன்னொருத்தியின் தூக்குவாளி. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் இருபது பேரும் ஒரே உடம்பாகச் சாய்ந்து நிமிர வேண்டும். ஒருதடவை வண்டி பாறையில் உரசி நின்றதில் அவளுடைய இடது முட்டி நசுங்கியது. அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பெஞ்சில் படுத்துக்கொண்டு, "எப்பாடு பட்டாச்சும் என்னய இந்த ஜீப்புலருந்து எறக்கி விட்டுருங்க. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்" என்றாள். காசிமாயன் அதை மறக்கவில்லை. இருந்ததையெல்லாம் திரட்டி, கட்டப்பனைக்காரர் ஒருவரின் இரண்டு ஏக்கர் ஏலக்காட்டை மூன்று வருசக் குத்தகைக்குப் பிடித்தான். மூன்றாம் வருச விளைச்சல் தேறினால் குத்தகையை நீட்டித் தருவதாக முதலாளியின் வாக்கு. தேறாவிட்டால் காடு வேறு ஆளுக்கு. காட்டுக்குள்ளேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். மகாராணி ஜீப்பை விட்டு இறங்கினாள்.

முதல் வருசம் பழுதில்லை. இரண்டாம் வருசம்தான் சனி பிடித்தது. ஏலத்துக்குப் பூ மேலே பூக்காது. செடியின் அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையோடு ஊர்ந்து போகும், அதில்தான் பூ. விடியும்போது விரியும் பூவுக்கு ஒரே பகல்தான் ஆயுசு. வெள்ளை இதழில் ஊதா வரி ஓடியிருக்கும். அதற்குள் தேனீ ஒன்று நுழைந்து வந்தால் பிஞ்சு, வராவிட்டால் மறுநாள் சருகு. மகாராணி குனிந்து சரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பூவாகப் பூத்துக் கொட்டியிருந்தது.

"என்னங்க இது, பூ இருக்கு, பிஞ்சக் காணமே?"

"ஒரம் பத்தாதோ என்னமோ."

"ஒரமா? போன மாசந்தான வச்சோம். எனக்கென்னமோ வேற தோணுது. காலையிலருந்து இந்தச் சரத்துக்கிட்டயே உக்காந்திருக்கேன். ஒரு பூச்சி வரல. ஒண்ணே ஒண்ணுகூட வரல."

காட்டின் எல்லையில் நெட்டையாக ஒரு இலவ மரம் நின்றது. முன்பெல்லாம் மாசி பங்குனியில் அதன் கொம்புகளில் மலைத்தேனீக் கூடுகள் முறம் முறமாகத் தொங்கும். மகாராணி ஜீப்பில் வந்த காலத்தில் முப்பது வரைக்கும் எண்ணியிருக்கிறாள். இப்போது கொம்பில் பழைய அடையின் கறுப்புத் தழும்புகள் மட்டும் இருந்தன. அந்த வருசம் விளைந்தது பாதிகூட இல்லை. தேறாத காய்களை உலர்த்தப் போட்டபோது காசிமாயனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை.

மூன்றாம் வருசம் வைகாசியில் மகாராணி தன் பெரியப்பா மகன் சுடலையை வரவழைத்தாள். சுடலை தேனீப் பெட்டி வைத்திருக்கிறவன். முருங்கை பூக்கிற காலத்தில் தேவாரம், பொட்டிபுரம் பக்கம், புளி பூத்தால் வேறு பக்கம் என்று பூ இருக்கிற இடத்துக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு அலைவான். நாலு பெட்டிகளை ஈரச் சாக்குப் போர்த்தி ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினான். பெட்டிக்காலுக்குக் கீழே எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைத்தான். கப்பைக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் தின்று முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, காசிமாயனை முன்னால் உட்கார வைத்தான்.

"மாப்ளே, ஒங்க சோலி எனக்குத் தெரியும். மருந்தடிக்காதீகன்னு சொன்னா நடக்காது. ஆனா ஒண்ணு. காலையில அடிக்கப்படாது. பூ விரிஞ்சிருக்கும்."

"சரி மச்சான்."

"மூணு மணிக்கு மேல, பூ வாடுனப்பறம் அடிங்க. அன்னைக்கு விடியறதுக்கு முந்தியே பெட்டி வாசல அடச்சுருங்க. மறுநா காலையில தொறந்தாப் போதும். புதுப் பூவுல மருந்து இருக்காது. ஈ அதுபாட்டுக்குப் போயிட்டு வரும்."

"செய்யிறேன் மச்சான். எங்க பொழப்பே இதுலதான கெடக்கு."

"ஆத்தா, நீயும் கேட்டுக்க. இவரு மறந்தாலும் நீ மறக்கப்படாது."

"நான் எதுக்கு மறக்குறேன்? பிள்ளையப் பாக்குற மாதிரி பாத்துக்கிருவேன்" என்றாள் மகாராணி.

அப்படியேதான் பார்த்துக்கொண்டாள். விடிந்ததும் கட்டன் சாயாவோடு பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்திவிடுவாள். தேனீ சரத்துக்கு இறங்கிப் பூவுக்குள் முண்டி நுழைந்து முதுகில் வெள்ளைப் பொடியோடு பின்வாங்குவதை அவனைக் கூப்பிட்டுக் காட்டுவாள். "மாவு மில்லுலருந்து வெளிய வர்ற ஆளு மாதிரி வருது பாருங்க!" பத்தாம் நாள் சரத்தைத் தூக்கிப் பார்த்தபோது மிளகு பருமனில் பிஞ்சுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவள் எண்ண ஆரம்பித்து நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் சிரித்தாள். பிறகு அழுதாள். காசிமாயன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தான். கல்யாணமாகி இருபத்து மூன்று வருசத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவன் கண்டதில்லை. இந்தத் தடவை தப்பாது என்று அவனுக்குத் தோன்றியது.

ஆனியில் பேன் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி. விட்டால் காயெல்லாம் சொறி பிடித்துவிடும். சொறிக்காயை ஏலம் விடுகிற இடத்தில் ஒருவனும் தொடமாட்டான். அடித்தே ஆகவேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. ஒரு வாரமாக விட்டு விட்டுச் சாரல் பெய்துகொண்டிருந்தது. தேனீக்களும் சரியாக வெளியே போக முடியாமல் பெட்டிக்குள்ளேயே முனகிக்கொண்டு கிடந்தன.

வானம் கொஞ்சம் வெளுத்த ஒருநாள், இருட்டு பிரியுமுன்பே காசிமாயன் நாலு வாசலையும் அடைத்தான். மச்சான் சொன்ன சொல்லில் ஒன்றைக்கூட அவன் தவறவிடவில்லை. மூன்று மணி தாண்டும்வரை காத்திருந்தான். பூக்கள் வாடித் தொங்கின பிறகே டிரம்மைத் திறந்தான். மகாராணி மோட்டாருக்குப் பெட்ரோல் எடுக்கக் கொட்டகைக்குப் போயிருந்தாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ராத்திரி மழை உறுதி. ஊரான் காட்டுக்கெல்லாம் மூன்று அச்சுப் போடுகிறவன், இது நம்ம காடு என்று ஆறு அச்சைக் கரைத்து ஊற்றினான். கிண்டும்போது கம்பில் பாகு நூலாக இழுத்தது. அதைப் பார்த்து அவனுக்குத் திருப்தியாக இருந்தது. இருட்டுகிற வரைக்கும் ஒரு செடி விடாமல், ஒரு இலை விடாமல் அடித்தான்.

மறுநாள் காலையில் வெயில் வந்தது. ஒரு வாரப் பட்டினியோடு ஒருநாள் அடைப்பும் சேர்ந்திருந்ததால், வாசலைத் திறந்ததும் தேனீக்கள் கொட்டிவிட்ட மாதிரி வெளியே வந்தன. மகாராணிதான் திறந்தாள். "போங்க தாயி, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

சோறு வடிக்கிற நேரத்துக்கு அவள் போட்ட சத்தத்தில் காசிமாயன் ஓடினான். பெட்டிக்கு முன்னால் கறுப்பாக நெல் கொட்டினமாதிரி கிடந்தது. சில பின்பக்கமாகச் சுற்றின. சில மல்லாந்து காலை உதைத்தன. இன்னும் வந்துகொண்டிருந்தன. வந்தவை வாசல் வரைக்கும்கூட எட்டாமல் விழுந்தன. மகாராணி இரண்டு கையாலும் அள்ளி அள்ளி வெயில் படுகிற பாறையில் போட்டாள். காய்ந்தால் எழுந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

போன் போட்டதும் மத்தியானத்துக்குள் சுடலை வந்துவிட்டான். ஒரு தேனீயை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"நாக்க நீட்டிக்கிட்டுச் செத்திருக்கு. மருந்துதான். எப்ப மாப்ளே அடிச்சீக?"

"நேத்து மூணு மணிக்கு மேல. பூ வாடுனப்பறம்."

"வாசலு?"

"விடியறதுக்கு முந்தியே அடச்சேன். ஒங்க தங்கச்சி இன்னைக்குத்தான் தொறந்துச்சு."

சுடலைக்குக் குழப்பமாக இருந்தது. பிறகு எதிர்ச் சரிவைப் பார்த்தான். அங்கே ஒரு பெரிய எஸ்டேட். "அப்ப அவனுகதான். காலையிலயே அடிச்சிருக்கானுக. எவன் எக்கேடு கெட்டா என்னன்னு இருக்கானுக. போய்க் கேக்குறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

மகாராணி அதையெல்லாம் கவனிக்கவில்லை. பக்கத்துச் செடியின் இலையில் ஒரு தேனீ இன்னும் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பூவில் இல்லை, இலையில். நாக்கால் இலையைத் தடவித் தடவி நக்கிக்கொண்டிருந்தது. அவள் அந்த இலையைத் தொட்டாள். விரல் பிசுபிசுவென்று ஒட்டியது. விரலைக் கட்டைவிரலோடு சேர்த்து ஒட்டி ஒட்டிப் பிரித்தாள். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்க்கிற கை அது. அதற்குத் தெரியாதா?

"ஏங்க, நான் வாங்கிக் குடுத்த வெல்லத்துல ஒருநாளாச்சும் சாயா போட்டுக் குடிச்சீங்களா?"

காசிமாயன் இல்லை என்று தலையாட்டினான்.

"எத்தன வருசமா?"

"பதினஞ்சு இருக்கும்."

"எந்தெந்தக் காட்டுல?"

அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவன் சொன்ன காடுகள் எல்லாம் தெரிந்தன. ஓடைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எதிர்ச் சரிவு, அதற்கு மேலே மேகம் தொடுகிற காடு.

"அந்த எலவ மரத்தடி?"

"அதுவுந்தான். நாம குத்தகைக்குப் பிடிக்க முந்தி முதலாளிக்கு நாந்தான அடிச்சேன்."

"அப்ப போன வருசம் பூக் கொட்டுனது..." என்று ஆரம்பித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நல்ல வெல்லமாப் பாத்து வாங்கிக் குடுத்தேனே" என்று மட்டும் சொன்னாள்.

எதிர்ச் சரிவில் சுடலையின் சத்தம் கேட்டது. எஸ்டேட் ஆட்கள் கூடிவிட்டார்கள். காசிமாயனுக்கு நின்ற இடத்திலேயே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. பழி அந்தப் பக்கம் போய்விட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஆனால் மகாராணி அவனைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவன் ஓடையைத் தாண்டி ஏறி, கூட்டத்துக்கு நடுவில் சுடலையின் கையைப் பிடித்தான்.

"வாங்க மச்சான். இவுக அடிக்கல. நாந்தான். மருந்துல வெல்லம் கரச்சேன்."

சுடலை அவனை அடிப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் அடிக்கவில்லை. காட்டுக்குத் திரும்பி வந்தான். காலிப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டினான். நாலாவது பெட்டியில் ஒரு கையளவு தேனீ உயிரோடு இருந்தது. அதைத் தனியாக மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறும்போது சொன்னான்.

"பூவுக்குத்தான் மாப்ளே போகும் அது. பசி. நீங்க எலையெல்லாம் இனிப்பத் தடவி வச்சிருக்கீக. நம்பி வந்து நக்கியிருக்கு."

அடுத்த நாளிலிருந்து மகாராணி தேனீயின் வேலையைத் தானே செய்யப் போனாள். விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி, முனையைச் சீவிக்கொண்டாள். மழைக்குச் சாக்கை மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு செடிக்கடியில் மண்டி போட்டாள். பூவின் உதட்டை விலக்கி, பொடியைத் தொட்டு, மேலே உள்ள ஊசிமுனைக் குழியில் ஒற்ற வேண்டும். ஒரு பூவுக்கு இரண்டு நிமிசம். பூவோ ஒரு பகல்தான் இருக்கும். காசிமாயனும் அடுத்த வரிசையில் மண்டி போட்டான். அட்டை காலில் ஏறியது. இலையில் நிற்கிற மருந்து பட்டு அவள் கழுத்தும் முன்கையும் தடித்துச் சிவந்தன. மழைக்கு நிற்கிற மருந்தாயிற்றே, நின்றது.

"நீ போ புள்ள, நான் பாத்துக்கிறேன். கையெல்லாம் வெந்துபோய்க் கெடக்கு."

"எத்தனையப் பாப்பீங்க? அந்தா, அந்த வரிசையில போய்ப் பாருங்க. நாம இங்க இருக்கையிலயே அங்க கொட்டுது."

பதினெட்டு நாள் அப்படி மண்டி போட்டார்கள். பத்தொன்பதாம் நாள் காலையில் அவளுக்கு முட்டி மடங்கவில்லை. தொட்டு ஒற்றிய பூவில் பாதி பிடித்திருந்தது. அறுபது செடித்தூர் தேறியிருக்கும். மற்றபடி இரண்டு ஏக்கரிலும் பூவாகப் பூத்துச் சருகாகக் கிடந்தது.

ஐப்பசியில் கட்டப்பனைக்காரர் வந்து காட்டைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனுசர்தான், கோபப்படவில்லை. "செடி நல்லா உண்டல்லோ காசி. காய் எவிடே?" என்றார். காசிமாயன் நடந்ததைச் சொன்னான். அவர் ஒரு நிமிசம் யோசித்துவிட்டு, "நீ அடிச்ச மருந்து இத்தன நாள் நின்னதுக்கு அதானோ காரணம்!" என்றார். அவருக்கு அதுதான் அதிசயமாக இருந்தது. குத்தகையைப் பற்றி அவர் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? அடுத்த வாரம் தகரத்தைப் பிரித்து ஜீப்பில் ஏற்றிக் கீழே வந்தார்கள்.

கார்த்திகை முதல் நாள் விடிகாலையில் இருவரும் ஜீப் ஸ்டாண்டுக்குப் போனார்கள். மகாராணி காய் எடுக்க, அவன் மண் வெட்ட. மருந்து பம்பைத் தொடுவதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான். இன்னொன்றும் முடிவு செய்திருந்தான். இத்தனை வருசம் மூடி வைத்த ரகசியத்தை ஒவ்வொருவனாகப் பிடித்துச் சொல்லிவிடுவது, யாரும் வெல்லம் போடாதீர்கள் என்று சொல்வது. முதலில் மருந்துக்கடை பொன்னுமணியிடம் சொன்னால் அவன் மற்றவர்களுக்குச் சொல்லுவான். ஜீப் ஆட்களுக்காக நாலு மணிக்கே திறக்கிற கடை அது.

மகாராணி ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தாள். இடது காலைத் தூக்க முடியாமல், உள்ளே இருந்தவர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள். காசிமாயன் கடை வாசலுக்குப் போனான். மருந்து டப்பாக்களுக்குப் பக்கத்தில், முன்னாலேயே ஒரு சாக்கு வாய் திறந்து இருந்தது. நிறைய அச்சுவெல்லம்.

"வாங்கண்ணே, ஆளையே காணம்?" என்றான் பொன்னுமணி.

"இது எதுக்குப்பா இங்க?"

"தெரியாத மாதிரிக் கேக்குறீகளே! அஞ்சாறு வருசமா ஓடுதுண்ணே. நீங்க மடியில மறச்சு மறச்சு வச்சீக. ஒங்க டிரம்முல எறும்பு மொய்க்கிறதப் பாத்தே நம்ம பயலுக கண்டுபிடிச்சுட்டானுக. மருந்து முதலாளிமாரு வாங்கித் தர்றது, நீங்க இந்தக் கடைப் படி ஏறுனதில்ல, அதான் ஒங்க கண்ணுல படல."

"அதப் போடக் கூடாது பொன்னுமணி. அதச் சொல்லத்தான் வந்தேன். தேனீ பூராம் செத்துப்போகுது. என் காடே போச்சு."

பொன்னுமணி வாய்விட்டுச் சிரித்தான். "வெளிய தெரிஞ்சு போச்சேன்னு வயித்தெரிச்சலாக்கும்! விடுங்கண்ணே. யாரு போட்டாலும் ஒங்க பேரச் சொல்லித்தான போடுறானுக."

"ஏலே, நெசமாத்தான் சொல்றேன்..."

அதற்குள் பின்னாலிருந்து ஒரு ஆள் அவசரமாக வந்து அவன் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினான். முன்பின் பார்க்காத முகம். கம்பம் பக்கத்து ஆளாக இருக்கலாம்.

"அண்ணே, பேன் மருந்து ஒண்ணு. காசிமாயன் வெல்லம் ரெண்டு கிலோ. வெரசாக் குடுங்க, ஜீப்பு கெளம்புது."

பொன்னுமணி தராசில் அள்ளிப் போட்டான். கடைக்காரனுக்கும் அந்த ஆளுக்கும் நடுவில் காசிமாயன் நின்றுகொண்டிருந்தான். அந்த ஆள் "கொஞ்சம் தள்ளிக்கங்கண்ணே" என்றான். ஜீப்புக்காரன் ஹாரன் அடித்தான். உள்ளே இருந்து மகாராணி, "ஏறுங்க, எடம் போயிரும்" என்று கூப்பிட்டாள். காசிமாயன் தள்ளிக்கொண்டான்.